பாறையில் உட்கார வைத்த பல்லி

முதல் கடிதம்

அன்புக் கொழுந்தனுக்கு அண்ணி எழுதுவது. உன் முழங்கால், உன் கொசுவலை, உன் கேமரா மூன்றும் ஓட்டை உடைசல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அண்ணனும் நலம். என்னைவிட அவருடைய தொப்பை கொஞ்சம் கூடுதல் நலம்.

நாலு பேர் முன்னால் உன்னை 'நீங்கள்' என்று சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் கூடாரம் போட்டுப் பல்லியையும் ஓணானையும் ஆராய்ச்சி செய்கிற பெரிய மனுஷன் ஆயிற்றே. கடிதத்தில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. நான் கல்யாணமாகி வந்த அன்று அரை டிராயரோடு கதவு இடுக்கில் ஒட்டிக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தவன் நீ. என் வாழ்க்கையில் நான் கவனித்துப் பார்த்த முதல் பல்லி அதுதான்.

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். காலையில் குவாரி ஆட்கள் சாப்பிட்டுப் போனதும் மெஸ் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன், மதியத்துக்கு உலை வைக்கிற நேரம் வரை படித்தேன். நான் அனுப்பின பல்லிப் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாள் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். பெண் பார்த்துவிட்டு வந்து தூங்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்லி பார்த்துவிட்டுத் தூங்காதவனை இப்போதுதான் பார்க்கிறேன். இப்படியே போனால் உனக்கு எங்கே போய்ப் பெண் தேடுவது என்று உன் அண்ணன் கவலைப்படுகிறார்.

நீ எழுதியது எனக்குப் புரிந்த மட்டும் இதுதான். அந்தப் பல்லிக்குக் கண்ணின் பாப்பா பூனைக்கு இருப்பது போலக் கோடாக இல்லை, நமக்கு இருப்பது போல உருண்டை. பகலில் நடமாடுகிறது. தொண்டையில் மஞ்சள். இந்த மாதிரி ஒன்றை இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் சரியாக வந்தால் அதற்கு என் பேரையே வைக்கப் போகிறாய். இதைப் படித்ததும் நான் செய்த தப்பு என்னவென்றால், மதியம் சாப்பிட வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். இப்போது தட்டை நீட்டும்போதெல்லாம் பல்லியம்மா இன்னொரு கரண்டி, பல்லியம்மா கொஞ்சம் தண்ணி என்கிறார்கள். வெடி வைப்பதற்கு முன்னால் விசில் ஊதுகிற எங்கள் மேனேஜரை நாங்கள் விசில் என்றுதான் சொல்வோம், உனக்குத் தெரியும். அவர்கூடச் சிரிக்காமல் வந்து, உங்கள் சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்று பாறைப் பக்கம் கையைக் காட்டுகிறார்.

இந்த வாரப் படங்கள் இதோடு வைத்திருக்கிற கேமரா கார்டில் இருக்கின்றன. தட்டான் நன்றாக வந்திருக்கிறது. நீ சொன்னது உண்மைதான், அது எங்கே பறந்தாலும் திரும்பி அதே குச்சி நுனிக்குத்தான் வருகிறது. துரத்திக்கொண்டு ஓடாமல் குச்சியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். வேலைக்குப் போன புருஷன் எங்கே போய்விடுவார், வீட்டுக்குத்தான் வர வேண்டும், அது மாதிரி. காலையில் பனி காயாத நேரத்தில் புல்லைக் கடித்துக்கொண்டு தொங்கித் தூங்குகிற தேனீ ஒன்றும் இருக்கிறது. அதன் முதுகெல்லாம் தண்ணீர்ப் பொட்டு. தேன்சிட்டு மட்டும் வாலோடு சரி. மீதி பறந்துவிட்டது.

இனி கொஞ்சம் வேறு செய்தி. பல்லி இருக்கிற பாறையை உடைக்கக்கூடாது என்று நீயும் உனக்கு ஆராய்ச்சி சொல்லித் தருகிற பெரிய வாத்தியாரும் எழுதின கடிதம் குவாரி ஆபீசுக்கு வந்தது. வந்த மறுநாளே மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கிற மேற்குப் பாறையைச் சுற்றிக் கயிறு கட்டிச் சிவப்புத் துணி தொங்கவிட்டார்கள். அடுத்த வெடி அங்கேதான் வைப்பதாக இருந்தது. துளை போடுகிற பதினொரு பேரில் எட்டுப் பேரை வேறு குவாரிக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று பேரை, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மூன்று பேரில் உன் அண்ணனும் ஒருவர்.  துளை போடுகிற மெஷினின் கம்பியைத் துடைத்துத் துணி சுற்றி வைத்துவிட்டு வந்து, என் தம்பி பெரிய ஆள் ஆகிவிட்டான், ஒரு கடிதத்தில் மலையை நிறுத்திவிட்டான் என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். நீ கோபப்படாமல் பதில் எழுத வேண்டும். ஒரு பல்லியைப் படம் எடுக்கும்போது, வெளிச்சத்துக்காகக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் தள்ளி வைத்து எடுத்தால் அது பெரிய தப்பா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. பாம்பைப் படம் எடுக்கும்போது அதற்கு நீ அண்ணன் இல்லை என்பதை நினைவில் வை.

உன் அண்ணி

இரண்டாவது கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலம்தானே என்று கேட்கக்கூட இன்று வாய் வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேராக வர முடிகிறதா பார்ப்போம்.

உன் பதில் கிடைத்தது. எந்த உயிரையும் இடம் மாற்றி வைத்துப் படம் எடுக்கக்கூடாது, அப்படி எடுத்தால் அந்தப் படம் பொய்ச் சாட்சி, இடம் தெரிந்தால்தான் அந்த உயிரைப் பாதி தெரிந்துகொண்ட மாதிரி என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பல்லி எந்தப் பாறையில் இருக்கிறது என்று சின்னக் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டாய், அடுத்த மாதம் அச்சில் வருகிறது, பெரிய வாத்தியாரோடு நேரில் வருகிறாய். எல்லாவற்றுக்கும் கீழே, 'நல்லவேளை, அண்ணி அப்படிச் செய்கிறவர் இல்லை' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை நான் எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டேன்.

தம்பி, அண்ணி அப்படிச் செய்கிறவள்தான்.

நான் அந்தப் பல்லியைப் பார்த்தது பாறையில் இல்லை. குவாரிக்குக் கீழே, குட்டை ஓரமாக இருக்கிற பழைய மோட்டார் ரூமின் பின்சுவரில். மெஸ்ஸுக்குத் தண்ணீர் விட மோட்டார் போடப் போவேன் இல்லையா, அங்கே. சுவர் முழுக்கப் பாசி, துரு ஒழுகின பைப், கரி எண்ணெய்க் கறை. பல்லியும் அதே நிறம். எத்தனை படம் எடுத்தாலும் சுவர்தான் தெரிகிறது, பல்லி தெரியவில்லை. அதற்கு முந்தின கடிதத்தில்தான் நீ எழுதியிருந்தாய், அண்ணி உங்கள் படத்தில் பின்னால் ஒரே கசகசவென்று இருக்கிறது, பின்னணி சுத்தமாக இருந்தால்தான் உயிர் எடுப்பாகத் தெரியும் என்று. நான் யோசித்தேன். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவன் பெண்ணை அடுப்படியில் கரித்துணியோடு நிற்க வைத்தா எடுக்கிறான்? நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்துத்தானே எடுக்கிறான்? பல்லிக்கும் அதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

டிபன் பாக்ஸில் ஈரத் துணி போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மேற்குப் பாறைக்குக் கொண்டு போனேன். முதல் நாள் கொண்டு போன பல்லி மூடியைத் திறந்ததுமே குதித்துப் பாறை இடுக்கில் போய்விட்டது. கேமராவைக் கையில் எடுக்கக்கூட விடவில்லை. மறுநாள் இன்னொன்று கொண்டு போனேன். அதுதான் தொண்டை மஞ்சள்காரன். காலை வெயில், சிவப்புப் பாறை, சும்மா ராஜா மாதிரி தலையைத் தூக்கி உட்கார்ந்தது. அந்தப் படம்தான் உனக்கு வந்தது. படம் எடுத்து முடித்ததும் அதுவும் இடுக்கில் போய்விட்டது. திரும்பக் கூட்டிப் போக நான் தேடினேன், கிடைக்கவில்லை. நீ எந்த இடம் என்று கேட்டாய். படத்தில் இருப்பது மேற்குப் பாறைதானே, அதைத்தான் எழுதினேன். இடம் இவ்வளவு பெரிய விஷயம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. மோட்டார் ரூமிலிருந்து பாறைக்கு நடந்தால் கால் மணி நேரம் ஆகும். போன கடிதத்தில் 'கொஞ்சமே கொஞ்சம்' என்று எழுதினேனே, அதுவும் பொய்தான்.

இப்போது என் தலை சுற்றுகிற காரணத்தைக் கேள். அந்த மோட்டார் ரூமை இடிக்கப் போகிறார்கள். புது மோட்டார் வருகிறதாம், பழைய சுவர் தாங்காதாம். வருகிற திங்கட்கிழமை ஆள் வருகிறது. நேற்று போய் உற்றுப் பார்த்தேன். பைப்புக்குப் பின்னால் சுவர் வெடிப்பில் வெள்ளை வெள்ளையாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. இரண்டிரண்டாக, எண்ணினேன், முப்பதுக்கு மேல் போனதும் எண்ணிக்கை விட்டுப் போயிற்று. பிள்ளை பெறுகிற ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. ஒன்றுமே இல்லாத பாறைக்குக் கயிறு, சிவப்புத் துணி, காவல். ஊரே குடியிருக்கிற சுவருக்குக் கடப்பாரை.

சரி, அப்படியென்றால் உடனே உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே என்பாய். சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். கயிற்றை அவிழ்ப்பார்கள். உன் அண்ணனுக்கு மறுநாளே வேலை. நாலு பேர் என்ன பேசுவார்கள்? புருஷன் சும்மா உட்கார்ந்ததும் பெண்டாட்டி பல்லியை மாற்றிப் பேசுகிறாள் என்பார்கள். விசில் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். உன் பெரிய வாத்தியாரும் அதைத்தான் நினைப்பார். நீயும், கோபித்துக்கொள்ளாதே, ஒரு நிமிஷமாவது நினைப்பாய். பொய் சொன்னபோது எல்லோரும் நம்பினீர்கள். உண்மையைச் சொன்னால் பொய் மாதிரியே இருக்கிறது. இந்த மாதிரி ஒரு சிக்கலை நான் நூல்கண்டில்கூடப் பார்த்ததில்லை.

எதற்கும் இந்தக் கடிதத்தை முதலில் உன் அண்ணன் காதில் போட்டுவிட்டு அனுப்புகிறேன்.

அண்ணி

மூன்றாவது கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

முந்தின கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. அதையும் இதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு இதற்கு வா. இதை முதலில் படித்துவிட்டால் அதைப் போய்ப் படி. என்னைப் போல நடுவில் நின்றுகொண்டு முழிக்காதே.

உன் அண்ணனிடம் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். டிபன் பாக்ஸ் வரை வந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். மூன்று வாரமாக அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. எந்த டிபன் பாக்ஸ், நான் கொண்டு போகிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னும் சிரித்தார். மோட்டார் ரூமை இடிக்கிறார்கள் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. தம்பிக்கு எழுதிவிட்டேன், தபாலில் போட வேண்டும் என்றதும் எழுந்தே விட்டார்.

"போடாதே. நான் சொல்லித்தான் நீ எழுதினதா நினைப்பான். என் தம்பி என்னை அப்படி நினைக்கிறதுக்குப் பதிலா நான் வேலை இல்லாமலே உட்கார்ந்துக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார்.  சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, அந்தச் சுவர் எத்தனை அடி உயரம் என்று மட்டும் கேட்டார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வெயில் ஏறினதும், என் இரண்டு பல்லியும் உயிரோடு இருக்கிறதா பார்க்கலாம் என்று கயிற்றைத் தாண்டிப் பாறைக்குப் போனேன். நீ சொல்லிக் கொடுத்தபடி நேராகப் பார்க்காமல், வேறு வேலையாக வந்தவள் மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து இடுக்கிலிருந்து ஒன்று வந்தது. என் மஞ்சள்காரனும் இல்லை, முதல் நாள் குதித்ததும் இல்லை. குட்டி. என் சுண்டு விரலில் பாதி இருக்கும். கண் பாப்பா உருண்டை. நான் தொடவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டுதான் ஆறு படம் எடுத்தேன். நாலு கலங்கலாக வந்திருக்கிறது.

இப்போது சொல். இது என் டிபன் பாக்ஸில் வந்தவர்களின் பிள்ளையா, இல்லை அந்தப் பாறையிலேயே பரம்பரையாக இருக்கிற குடும்பமா? நான் அவற்றைக் கொண்டு போய் விட்டு நாலு மாதம் ஆகிறது. முட்டை வைத்துக் குஞ்சு வர அது போதுமா போதாதா? மஞ்சள் தொண்டை ஒன்றுக்குத்தான் இருந்தது, அது ஆணுக்கு மட்டும் வருகிற நிறம் என்றால் நான் அறியாமல் ஒரு ஜோடியைத்தான் தூக்கிக்கொண்டு போனேனா? அதனிடமே கேட்டேன். நாக்கை நீட்டித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. 

எனக்கு ஒரு ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். பாறையில்தான் குட்டி இருக்கிறதே, நான் எழுதினது உண்மையாகவே ஆகிவிட்டதே, இனி வாயை மூடிக்கொள்ளலாமே என்று. உன் கட்டுரைக்கும் கெடுதல் இல்லை. என் பேருக்கும் கெடுதல் இல்லை. எழுந்து பாதி தூரம் நடந்தும் விட்டேன். அப்புறம் மோட்டார் ரூம் சுவர் வந்து கண்ணில் நின்றுகொண்டது. நான் வாயை மூடினால் அந்த முப்பதுக்கு யார் பேசுவது? வாயைத் திறந்தால் கயிற்றை அவிழ்த்து இந்தக் குட்டியின் தலையில் வெடி வைத்துவிடுவார்களே, அது அங்கேயே பிறந்த குடும்பமாக இருந்தால்? இரண்டு பக்கமும் பார்த்து வழியிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அன்று மெஸ்ஸில் சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதம். ஒருத்தர்கூடப் பல்லியம்மா என்று கூப்பிடவில்லை, அவ்வளவு பசி.

அதனால் எனக்குத் தெரிந்த அளவில் ஒன்று செய்திருக்கிறேன். விசிலிடம் போய், ஸ்டோர் ரூமில் எலித் தொல்லை, சுத்தம் செய்ய வேண்டும், மெஸ் சாமானை எல்லாம் கொஞ்ச நாளைக்கு மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூரை நீண்டிருக்கிற இடத்தில் அடுக்கிக்கொள்கிறேன் என்றேன். அங்கே இடிக்கப் போகிறார்களே என்றார். அரிசி மூட்டையை மழையில் போடச் சொல்கிறீர்களா, அப்புறம் ஈரச் சோறுதான் போடுவேன் என்றேன். சாப்பாட்டு விஷயம் என்றால் அவர் பயப்படுவார். பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார். அன்று மாலையே மூட்டை, அண்டா, விறகு, பழைய பெஞ்சு எல்லாம் சுவரை ஒட்டி வந்துவிட்டது. முட்டை இருக்கிற வெடிப்புக்கு முன்னால் மட்டும் இரண்டு முழம் இடைவெளி. வெயில் எப்போதும் போல விழுகிறதா என்று தினமும் போய்ப் பார்க்கிறேன்.

அதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூட்டையை எல்லாம் சுமந்து போட்டது உன் அண்ணன். நான் கூப்பிடவே இல்லை. தானாக வந்தார், எட்டு மூட்டை தூக்கினார், பெஞ்சைக் குறுக்காகப் போட்டால் ஆள் தாண்டி வர மாட்டான் என்று அவரே குறுக்காகப் போட்டார். வேலைக்குக் கூப்பிட்டார்களா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு, இல்லை, வீட்டு வேலை என்றார்.

இந்தக் கவரில் ஒரு கார்டு இருக்கிறது. முதன்முதலாக மோட்டார் ரூம் சுவரிலேயே எடுத்த நாற்பது நாற்பத்தைந்து படங்கள் அதில் உண்டு. அழுக்காக இருக்கிறது, உனக்குப் பிடிக்காது என்று அனுப்பாமல் அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எந்தத் தேதி, எந்த மணி என்று கேமரா தானே எழுதி வைக்கும் என்று நீதான் சொன்னாய். அண்ணி பேச்சை நம்ப வேண்டாம், கேமரா பேச்சை நம்பு. குட்டியின் படமும் அதிலேயே கடைசியில் இருக்கிறது. கட்டுரையை அச்சில் போடுகிறவர்களுக்கு, படம் எடுத்தவள் இடத்தை மாற்றிச் சொன்னாள் என்று என்மேலேயே எழுதிவிடு. படிப்பில்லாதவள் என்று சேர்க்க வேண்டுமென்றால் சேர்த்துக்கொள். ஆனால் தெரியாமல்தான் செய்தாள் என்பதையும் சேர்த்து எழுது.

உன் பெரிய வாத்தியார் உன்னைத் திட்டுவாரா? அந்தக் காட்டில் உனக்கு ஆறுதல் சொல்ல யார் இருக்கிறார்கள்? மற்றபடி அந்தப் பேர் விஷயத்தை விட்டுவிடு. பல்லிக்கு வேறு நல்ல பேராக வை. என் பேரை வைத்தால் அதுவும் என்னைப் போல வாயாடியாகி, ஒரு இடத்தில் நிற்காமல் ஆராய்ச்சிக்காரர்களை அலைய விடும்.

பதினைந்து நாளில் இன்றோடு இரண்டு போய்விட்டது. வாத்தியார் வந்தாலும் வராவிட்டாலும் நீ வா. முதலில் மோட்டார் ரூம் சுவரைப் பார், அப்புறம் பாறையைப் பார். உன் கண்ணால் பார்த்துவிட்டு எதைச் சொல்கிறாயோ அதை நான் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு இடத்துக்கும் கயிறு கட்டு என்றாலும் சரி, பாறைக் கயிற்றை அவிழ்த்துவிடு என்றாலும் சரி. உன் அண்ணனுக்கு வேலை கிடைக்கிற மாதிரி சொல்லத் தயங்காதே, கிடைக்காத மாதிரி சொல்லவும் தயங்காதே.

நான் இதைப் போடுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டு விழும், வாங்கிக்கொள்கிறேன். உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நீ கிளம்புவதற்கு முன்னால், அவர் பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அண்ணி இதை எழுதியது நீங்கள் சொல்லி இல்லை என்று எனக்குத் தெரியும் அண்ணா என்று ஒரு வரி போதும். அவர் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவர், ஒரு வரி என்றாலும் நாலு தடவை படிப்பார். என்னைப் பற்றி அதில் ஒன்றும் எழுத வேண்டாம்.

நீ நடக்கிற காட்டில் உன் கால் பதியும் இடமெல்லாம் உனக்கு நல்லதாகவே இருக்கட்டும்.

உன் அண்ணி